நாள் வாடகை 2,500 ரூபாய்தான்... அப்புறம் எப்படி 20,000 தாண்டுச்சு?



"நாலு பேர். வாடகை மொத்தமே 5,400 ரூபாய். தலைக்கு 1,350. பஸ் டிக்கெட்டை விட சீப் மச்சி, உடனே புக் பண்ணு!"

வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் கேன்டீன்ல இந்த டயலாக்கை நீங்க கேட்டிருப்பீங்க. சொல்லியும் இருப்பீங்க. ஞாயிறு ராத்திரி திரும்பி வந்து செலவு ஆப்பைத் திறந்து பார்த்தா தலைக்கு 5,000 ரூபாய்க்கு மேல நிக்கும். "ஏன்டா இவ்வளவு வந்துச்சு?"ன்னு ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பாங்க. யாரும் ஏமாத்தல. 5,400 வாடகை பொய் இல்ல. ஆனா அது முழுச் செலவு இல்ல, அவ்வளவுதான்.

செல்ஃப் டிரைவ் கார் எடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. நானே எடுக்கிறேன். ஆப் காட்டுற வாடகையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். முழுச் செலவை மூணு பையில பிரிச்சுப் போடுங்க: சாவிச் செலவு, ரோட்டுச் செலவு, ரிஸ்க் செலவு. முதல் ரெண்டையும் ஓரளவு எல்லாரும் போட்டுடுவாங்க. மூணாவதை யாருமே போடுறதில்ல. பணமும் போய், சில நேரம் நட்பும் போறது அந்த மூணாவதாலதான். எனக்கு அது நடந்திருக்கு. கடைசியில சொல்றேன்.

ஒரு ட்ரிப்பை எடுத்துக்குவோம்

சென்னையில இருந்து கொடைக்கானல். நாலு பேர், ஒரு செடான். வெள்ளி ராத்திரி 8 மணிக்கு வண்டி எடுத்து ஞாயிறு ராத்திரி 12 மணிக்குத் திருப்பிக் கொடுக்கிறீங்க. மொத்தம் 52 மணி நேரம். ஒரு பக்கம் சுமார் 525 கிலோமீட்டர். மேல போய் ஊர் சுத்துறதையும் சேர்த்து மொத்தம் 1,200 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம்.

கீழ வர்ற ரேட் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட ரேட். உங்க ஆப்ல, உங்க தேதியில வேற மாதிரி இருக்கும். லாங் வீக்கெண்ட்னா இன்னும் ஏறும். எண்களை மாத்திக்குங்க, ஆனா வரிகளை விட்டுடாதீங்க.

முதல் பை: சாவிச் செலவு

வண்டி ஒரு அடி நகர்றதுக்கு முன்னாடியே, சாவி உங்க கைக்கு வர்றதுக்காக நீங்க கொடுக்கிற பணம் இது.

வாடகை: 5,400
புக்கிங் ஃபீஸ், ஜிஎஸ்டி: 1,100
டேமேஜ் பாதுகாப்பு பிளான்: 700
வீட்டுக்கே வந்து கொடுக்க, எடுத்துட்டுப் போக: 600
அன்லிமிடெட் கிலோமீட்டருக்கு மாற: 2,800
மொத்தம்: 10,600 ரூபாய்

இதுல நிறைய பேர் மாட்டிக்கிறது அந்தக் கடைசி வரியில. முதல் ஸ்கிரீன்ல தெரியுற குறைஞ்ச வாடகைக்குப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் எல்லை இருக்கும். நம்ம உதாரணத்துல 600 கிலோமீட்டர்னு வைங்க. அதுக்கு மேல ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9 ரூபாய். நீங்க ஓடப்போறது 1,200. கூடுதல் 600 கிலோமீட்டருக்கு 5,400 ரூபாய். அதாவது இன்னொரு முழு வாடகை! அன்லிமிடெட் பிளான் 2,800 ரூபாய் "அதிகமா இருக்கே"ன்னு தோணும். ஆனா இந்த ட்ரிப்புக்கு அது பாதி விலைக்கு வர்ற வழி.

அதே சமயம் 400 கிலோமீட்டர் ட்ரிப்புக்கு அன்லிமிடெட் எடுத்தா அந்த 2,800 சும்மா போகுது. அதனால முதல்ல மேப்ஸ்ல தூரத்தைப் பாருங்க. போக, வர, ஊருக்குள்ள சுத்த, வழி தவற எல்லாம் சேர்த்து பத்து சதவீதம் கூட்டிக்குங்க. அப்புறம் பிளானைத் தேர்ந்தெடுங்க. நிறைய பேர் பிளானை முதல்ல எடுத்துட்டு தூரத்தை வண்டில உக்காந்து பார்க்கிறாங்க.

இன்னொரு விஷயம், டெபாசிட். இது செலவு இல்ல, திரும்பி வர்ற பணம். அதனால இந்த லிஸ்ட்ல சேர்க்கல. ஆனா திரும்பி வர சில நாள் ஆகும். மாசக் கடைசியில அக்கவுண்ட்ல 6,000 ரூபாய்தான் இருக்கு, அதுல 5,000 டெபாசிட்ல மாட்டிக்கிட்டா பெட்ரோலுக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கணும். அந்த பில்லை முழுசா கட்டாம மினிமம் மட்டும் கட்டினா, அதுக்கு ஓடுற வட்டியும் இந்த ட்ரிப்போட செலவுதான்.

ரெண்டாவது பை: ரோட்டுச் செலவு

பெட்ரோல்: 8,080
டோல் போக வர: 1,400
பார்க்கிங், திருப்பிக் கொடுக்கும் முன்னாடி வாட்டர் வாஷ்: 500
மொத்தம்: 9,980 ரூபாய்

பெட்ரோல் கணக்கு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. விளம்பரத்துல லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேலன்னு போட்டிருப்பாங்க. நாலு பேர், லக்கேஜ், முழு நேரம் ஏசி, வத்தலகுண்டு தாண்டினதும் செகண்ட் கியர், தேர்ட் கியர்ல மலை ஏத்தம். நான் 15 தான் எடுத்துக்கிறேன். 1,200 கிலோமீட்டருக்கு 80 லிட்டர். லிட்டர் 101 ரூபாய்னா 8,080. வாடகையை விட பெட்ரோல் அதிகம்! தூரமா போற எல்லா ட்ரிப்லயும் இதுதான் கதை. வாடகையில 300 ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் கூப்பன் கோடு தேடுவோம். ஆனா 20 கிலோமீட்டர் மைலேஜ் தர்ற வண்டி எடுத்தா 60 லிட்டர்தான் ஆகும், 2,020 ரூபாய் மிச்சம். அதைப் பத்தி யாரும் பேசமாட்டோம். டீசலா, பெட்ரோலா, எந்த மாடல்னு பார்க்கிறது கூப்பனை விடப் பெரிய தள்ளுபடி.

டோல்ல ஒரு சின்ன எச்சரிக்கை. வண்டில இருக்கிற ஃபாஸ்டேக் யாரோடது, யார் ரீசார்ஜ் பண்ணணும், அதுல எவ்வளவு இருக்குன்னு கிளம்பும் முன்னாடியே கேட்டுக்குங்க. பரனூர்ல போய் நின்னு "பேலன்ஸ் இல்ல"ன்னு வந்தா, வழக்கமான கட்டணத்தை விட அதிகமா கட்டணும்.

பெட்ரோல் அளவையும் வண்டி எடுக்கும்போதே போட்டோ எடுத்து வச்சுக்குங்க. எந்த அளவுல எடுத்தீங்களோ அந்த அளவுல திருப்பிக் கொடுக்கணும்னுதான் பெரும்பாலும் விதி. குறைஞ்சா பெட்ரோல் விலையோட சேர்த்து தனி சார்ஜும் போடுவாங்க. அதிகமா இருந்தா பல இடத்துல திருப்பித் தரமாட்டாங்க. பயத்துல ஃபுல் டேங்க் அடிச்சுக் கொடுக்கிறதும் நஷ்டம்தான்.

கொடைக்கானல், ஊட்டி போறவங்களுக்கு இன்னொன்னு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து இந்த ரெண்டு இடத்துக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கு. பாஸுக்குக் காசு இல்ல. ஆனா வண்டி நம்பர் வேணும். சில வாடகை ஆப்ல வண்டி நம்பர் கடைசி நேரத்துலதான் வரும். "நம்பர் எப்ப கொடுப்பீங்க?"ன்னு புக் பண்றப்பவே கேட்டுடுங்க.

ஆக, சாவி 10,600, ரோடு 9,980. மொத்தம் 20,580 ரூபாய். கிலோமீட்டருக்கு 17 ரூபாய். நாலு பேருக்குத் தலைக்கு 5,145. கேன்டீன்ல பேசினது 1,350. கிட்டத்தட்ட நாலு மடங்கு. சாப்பாடு, ரூம் இன்னும் சேர்க்கவே இல்ல.

இந்த எண்ணை வச்சு என்ன பண்றது?

முழுச் செலவு தெரிஞ்சாதான் மத்த வழிகளோட நேர்மையா ஒப்பிட முடியும். டிரைவரோட வர்ற அவுட்ஸ்டேஷன் டாக்ஸியை எடுத்துக்குங்க. "கிலோமீட்டருக்கு 14 ரூபாயா? அய்யோ!"ன்னு நாம அதை உடனே ஓரங்கட்டிடுவோம். கணக்கு போடுங்க.

1,200 கிலோமீட்டர், 14 ரூபாய் வீதம்: 16,800
டிரைவர் பேட்டா, மூணு நாள், 600 வீதம்: 1,800
டோல்: 1,400
பார்க்கிங்: 500
மலைக்கு ஏத்துற கூடுதல் கட்டணம்: 400
மொத்தம்: 20,900 ரூபாய்

செல்ஃப் டிரைவ் 20,580. டிரைவரோட டாக்ஸி 20,900. தலைக்கு 80 ரூபாய்தான் வித்தியாசம்! ஏன்னா அந்த 14 ரூபாய்க்குள்ள பெட்ரோல் இருக்கு, டிரைவர் இருக்கார், வண்டிக்கு ஏதாவது ஆனா அது உங்க தலைவலி இல்லங்கிற நிம்மதியும் இருக்கு. அஞ்சு நாள் ஆபீஸ் வேலை பார்த்துட்டு வெள்ளி ராத்திரி கண்ணைக் கசக்கிக்கிட்டே 525 கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம். என்னைக் கேட்டா, 80 ரூபாய் மிச்சம் பிடிக்கத் தூக்கத்தோட ஸ்டியரிங் பிடிக்கிறதுக்கு சேமிப்புன்னு பேரே வைக்கக்கூடாது.

அப்ப எப்பவுமே டாக்ஸிதான் நல்லதா? இல்ல. அவுட்ஸ்டேஷன் டாக்ஸியில ஒரு நாளைக்கு குறைஞ்சது 250 கிலோமீட்டர்னு கணக்கு வைக்கிறது வழக்கம். ஓடினாலும் ஓடலன்னாலும் அது உண்டு. இதே மூணு நாள் பாண்டிச்சேரி போறீங்க, மொத்தமே 400 கிலோமீட்டர்தான் ஓட்டம்னு வைங்க. டாக்ஸிக்காரர் 750 கிலோமீட்டருக்கு 10,500 வாங்குவார். பேட்டா 1,800, டோல், பார்க்கிங் 500. மொத்தம் 12,800. செல்ஃப் டிரைவ்னா அன்லிமிடெட் பிளான் வேண்டாம், சாவிச் செலவு 7,800. சமதளம்ங்கிறதால மைலேஜ் 16, அப்ப பெட்ரோல் 25 லிட்டர், 2,525. டோல், பார்க்கிங் அதே 500. மொத்தம் 10,825. இங்க செல்ஃப் டிரைவ் கிட்டத்தட்ட 2,000 ரூபாய் லாபம்.

இதுல இருந்து ஒரு எளிமையான விதி எடுத்துக்கலாம். நாள் அதிகம், தூரம் குறைவுன்னா செல்ஃப் டிரைவ். நாள் குறைவு, தூரம் அதிகம்னா டிரைவரோட டாக்ஸியை ஒரு தடவை விசாரிச்சுடுங்க. ஒரு விஷயம் ஞாபகம் வைங்க, அந்த செடான்ல டிரைவர் போக நாலு பேர்தான். அஞ்சாவது ஆள் வந்தா பெரிய வண்டி, பெரிய ரேட்.

ரெண்டே பேர் போறீங்கன்னா கணக்கு இன்னும் மாறும். கார் செலவு ஆள் எண்ணிக்கையைப் பார்க்காது. ரெண்டு பேர் போனாலும் 20,580 தான், தலைக்கு 10,290. அதுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல கொடைக்கானல் ரோடு இறங்கி, அங்க இருந்து மேல போக வர டாக்ஸி பிடிச்சு, ஒரு நாள் லோக்கல் வண்டி எடுத்தாலும் பாதியை ஒட்டித்தான் முடியும். பாண்டிச்சேரிக்கு ரெண்டு பேர்னா பஸ்ல போய் இறங்கி அங்கேயே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்க. கார் பேச்சே வேண்டாம்.

மூணாவது பை: ரிஸ்க் செலவு

இதுதான் யாரும் போடாத வரி. வண்டில ஒரு கீறல் விழுந்தா என்ன ஆகும்?

"இன்ஷூரன்ஸ் இருக்குல்ல, அவங்க பார்த்துப்பாங்க"ன்னு நினைக்கிறீங்க. அந்த இன்ஷூரன்ஸ் வண்டி ஓனரோடது. அதை அவர் பக்கத்துல இருந்து பாருங்க. பம்பர் உடைஞ்சுடுச்சு. பம்பர் பிளாஸ்டிக். சாதாரண மோட்டார் பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிச்சுதான் கொடுப்பாங்க. அதுக்கும் மேல ஒவ்வொரு கிளைமுக்கும் கட்டாயக் கழிவு உண்டு. கார்ல 1,500 சிசி வரைக்கும் 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000. இதை எல்லாத்தையும் விட முக்கியம், ஒரு கிளைம் போட்டா அவரோட நோ கிளைம் போனஸ் போயிடும். கிளைம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 சதவீதம் வரைக்கும் ஏறுற தள்ளுபடி அது. அப்ப 8,000 ரூபாய் பம்பருக்கு அவர் எதுக்கு கிளைம் போடணும்? உங்ககிட்ட வாங்கிக்கிறது அவருக்கு லாபம். இதுல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, அவரும் கணக்குதான் பார்க்கிறார்.

அதனால நீங்க கையெழுத்து போடுற ஒப்பந்தத்துல தேட வேண்டிய ஒரே எண், "வண்டி சேதமானா என் பொறுப்பு அதிகபட்சம் எவ்வளவு?" உதாரணத்துக்கு, 700 ரூபாய் பிளான் எடுத்தா 5,000 வரைக்கும், எடுக்கலன்னா 20,000 வரைக்கும்னு இருக்கலாம். அப்ப அந்த 700 ரூபாய் வீண் செலவு இல்ல. 15,000 ரூபாய் ரிஸ்க்கை விலைக்கு வாங்கி வெளிய தள்ளுறீங்க. ரெகுலரா கார் ஓட்டாத, வருஷத்துக்கு நாலு தடவை மட்டும் ஸ்டியரிங் பிடிக்கிற நம்ம மாதிரி ஆளுங்க இதை எடுக்கணும்ங்கிறது என் கருத்து.

ஆனா அந்த பிளான்ல எது எது வராதுன்னும் படிங்க. டயர், ரிம், வண்டிக்கு அடிப்பக்கம், கண்ணாடி, தொலைஞ்ச சாவி, சீட்ல கறை. இதெல்லாம் பல பிளான்ல வெளிய நிக்கும். பேர் பதிவு பண்ணாத நண்பன் ஓட்டினாலோ, குடிச்சிட்டு ஓட்டினாலோ பாதுகாப்பு மொத்தமா காலி. குடிச்சிட்டு ஓட்டினதுக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு சட்டமே சொல்லுது. ஸ்பீட் கேமரா அபராதம் ஓனருக்குத்தான் போகும். அவர் ரெண்டு வாரம் கழிச்சு உங்களுக்கு அனுப்புவார். ட்ரிப் முடிஞ்சுடுச்சுன்னு கணக்கை மூடினதுக்கு அப்புறம் வர்ற பில் அது.

"தெரிஞ்ச ஒருத்தர் வண்டி கொடுக்கிறார், நாளைக்கு 1,500தான்"னு வாட்ஸ்ஆப் குரூப்ல வர்றதைப் பத்தியும் சொல்லிடறேன். நம்பர் பிளேட்டைப் பாருங்க. நீங்களே ஓட்டுறதுக்கு முறையா வாடகைக்கு விடுற வண்டியில கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை பிளேட்னா அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி, அதோட பாலிசியும் சொந்த உபயோகத்துக்குத்தான். வாடகைக்கு விட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு கிளைமை நிராகரிக்கக் காரணம் கிடைச்சுடும். பம்பர்னா 8,000 ரூபாயோட போகும். யாருக்காவது அடிபட்டுட்டா? நாளைக்கு 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்க அந்த இடத்துல போய் நிக்காதீங்க. இந்த ஒரு விஷயத்துல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

என் கதை

பத்து வருஷம் முன்னாடி. சிஏ முடிச்சு முதல் வேலை. நாலு பேர் ஏற்காடு போனோம். வண்டி என் பேர்ல. வாடகையை நாலா பிரிச்சு, பைசா சுத்தமா எக்செல் ஷீட் போட்டவன் நான்தான். பெட்ரோல், டோல், டீ வரைக்கும் அதுல இருந்துச்சு. மலைப்பாதையில இருபது ஹேர்பின் வளைவு, ஒண்ணுமே ஆகல. ஏரிக்குப் பக்கத்துல பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஒரு குட்டைக் கல்தூண். பம்பர் கிழிஞ்சு, சென்சர் போச்சு. ஓட்டினது என் நண்பன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தப்போ 5,000 டெபாசிட்டைப் பிடிச்சுக்கிட்டு, மேல 7,500 கேட்டாங்க. மொத்தம் 12,500. ஒர்க்‌ஷாப் பில் கேட்டேன், வரவே இல்ல. எடுக்கும்போது வண்டி எப்படி இருந்துச்சுன்னு காட்ட எங்ககிட்டயும் ஒரு போட்டோ கிடையாது. கட்டித்தான் ஆகணும்.

அவன் சொன்னான், "நான்தானே ஓட்டினேன், நானே கட்டிடறேன்." அப்ப அவன் சம்பளம் 18,000. அதுல பாதியை ஊருக்கு அனுப்பிட்டு இருந்தான். நாங்க மூணு பேரும் அங்க நின்னோம். "டேய், நாலு பேரும் பிரிச்சுக்கலாம்"னு சொல்ல ரெண்டு செகண்ட் ஆகியிருக்கும். யாரும் சொல்லல. நானும் சொல்லல. மனசுக்குள்ள, "ஷீட்ல அந்த வரி இல்லையே"ன்னு ஒரு சாக்கு ஓடிட்டு இருந்துச்சு. மூணு மாசத்துல என் பங்கு டெபாசிட் பணத்தைக்கூட அவன் திருப்பிக் கொடுத்துட்டான். நானும் வாங்கிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எந்த ட்ரிப்புக்கும் அவன் வரல. கூப்பிட்டா "லீவ் கிடைக்கலடா"ன்னு சொல்லுவான். ரெண்டு வருஷம் அப்படியே போச்சு. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அவன் நமக்காகத்தான் வண்டி ஓட்டினான். மத்த மூணு பேரும் பின்சீட்ல தூங்கிட்டு வந்தோம். ஓட்டினதுக்கு அவனுக்கு நாம கூலி கொடுக்கல, ஆனா நஷ்டத்தை மட்டும் அவன் தலையில கட்டினோம். இது எந்த ஊர் கணக்கு?

கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல, வர வாய்ப்பு இருக்கிற நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம். படிச்சிருந்தேன், பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். நாலு பேர் ட்ரிப்புக்கு அதைப் போடத் தெரியல.

இப்ப நான் பண்றது இதுதான். கிளம்புறதுக்கு முன்னாடியே குரூப்ல ஒரு மெசேஜ் போடுவேன்: "வண்டிக்கு ஏதாவது ஆனா, யார் ஓட்டினாலும் சமமா பிரிக்கிறோம். குடிச்சிட்டு ஓட்டினா மட்டும் அவர் சொந்தப் பொறுப்பு." எல்லாரும் "ஓகே" போட்டாதான் புக்கிங். அப்புறம் ஒப்பந்தத்துல இருக்கிற அதிகபட்சப் பொறுப்பை ஆள் எண்ணிக்கையால வகுத்து, நம்ம உதாரணத்துல 5,000-ஐ நாலால வகுத்து, தலைக்கு 1,250 ஒருத்தர் அக்கவுண்ட்ல போட்டு வச்சுடுவோம். டெபாசிட்டும் அதுல இருந்தே போகும். ஒண்ணும் ஆகலன்னா பணம் திரும்பிடும். பெரும்பாலும் திரும்பித்தான் வந்திருக்கு. ஆனா ஒரு தடவை டயர் கிழிஞ்சப்போ, அஞ்சு நிமிஷத்துல பிரச்சினை முடிஞ்சுது. யாரும் யார் முகத்தையும் பார்க்கல.

வண்டி எடுக்கும்போது ரெண்டு நிமிஷ வீடியோ: நாலு பக்கம், நாலு சக்கரம், கண்ணாடி, உள்பக்கம், ஓடோமீட்டர், பெட்ரோல் முள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே. ராத்திரி வெளிச்சம் இல்லாத இடத்துல எடுக்காதீங்க. பெட்ரோல் பங்க் வெளிச்சத்துல நிறுத்தி எடுங்க. சேதத்துக்குப் பணம் கேட்டா ஒர்க்‌ஷாப் பில்லை எழுத்துல கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை.

"அப்ப பேசாம சொந்தமா கார் வாங்கிடலாமா?"

20,580-ஐப் பார்த்ததும் நிறைய பேருக்கு இந்த யோசனை வரும். அவசரப்படாதீங்க. அதுல ரோட்டுச் செலவு 9,980 சொந்த வண்டியிலும் உண்டு. வாடகைங்கிறதால கூடுதலா போறது சாவிச் செலவு 10,600 மட்டும்தான். வருஷத்துக்கு ஆறு ட்ரிப்னா 63,600. அதையும் நாலு பேர் பிரிச்சுக்கிறீங்க, உங்க பங்கு 15,900.

8 லட்சம் கார் லோன், 9 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாச இஎம்ஐ சுமார் 16,600. உங்க ஒரு வருஷ சாவிப் பங்கை விட ஒரு மாச இஎம்ஐ அதிகம்! இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங் இன்னும் சேர்க்கல. அஞ்சு வருஷம் கழிச்சு வண்டிக்கு ஒரு விலை இருக்கும், அது உண்மை. வீட்டுல வயசான அப்பா அம்மா, குழந்தை, தினமும் கார் தேவைன்னா கணக்கு வேற, தாராளமா வாங்குங்க. ஆனா வருஷத்துக்கு ஆறு வீக்கெண்டுக்காக வாங்காதீங்க. வாடகைக்கு எடுத்தா காசு வீண்னு சொல்றவங்க, அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தூசி படிஞ்சு நிக்கிற தங்களோட வண்டிக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு ஒரு நாளாவது எழுதிப் பார்க்கட்டும்.

அடுத்த தடவை கேன்டீன்ல "தலைக்கு 1,350தான் மச்சி"ன்னு யாராவது ஆரம்பிச்சா, போனை எடுத்து மூணு வரி எழுதுங்க. சாவி எவ்வளவு? ரோடு எவ்வளவு? ஏதாவது ஆனா அதிகபட்சம் எவ்வளவு, அதை யார் கட்டுறது? பத்து நிமிஷம்தான் ஆகும். வர்ற தொகை எல்லாருக்கும் ஓகேன்னா சந்தோஷமா கிளம்புங்க. இல்லன்னா ட்ரெயின் டிக்கெட் பாருங்க, இல்ல பக்கத்துல ஒரு ஊர் போங்க.

அந்த நண்பன் போன வருஷம் குடும்பத்தோட எங்ககூட வந்தான். குரூப்ல என் மெசேஜைப் பார்த்துட்டு "ஓகே"ன்னு போட்டான், கூடவே ஒரு சிரிப்பு. ரிவர்ஸ் மட்டும் நான்தான் எடுக்கணும்னு சொல்லிட்டான்.

இந்த மூணு பைக்கான ஷீட்டை சேனல்ல இந்த வார வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன். உங்க எண்களை மட்டும் மாத்திக்குங்க. பத்திரமா போயிட்டு வாங்க.